பவளத்துக்குச் செள்ளு பிடித்த கதை

"அம்மா, பவளம் தண்ணியவிட்டு வெளியவே வரமாட்டேங்குது." எங்கள் வளர்ப்புப் பாம்பு பவளத்தைப் பற்றி மகன்தான் முதலில் சொன்னான். நவம்பர் முதல் வாரம். நான் இரவுப் பணி முடித்து வந்து படுத்திருந்தேன். தோல் உரிக்கப் போகிறது போல, அதுதான் ஊறுகிறது என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டேன்.

தோல் உரிப்பதற்கு முன்னால் பாம்புகள் தண்ணீரில் ஊறுவது உண்டு. ஆனால் அந்த நாட்களில் கண் பால் ஊற்றியதுபோல மங்கிவிடும். பவளத்தின் கண் தெளிவாக இருந்தது. அன்றைக்கே அதைக் கவனித்திருக்க வேண்டும். மூன்றாம் நாள் காலை தண்ணீர் மாற்றலாம் என்று கிண்ணத்தை எடுத்தேன். அடியில் மிளகுத்தூள் தூவியதுபோலக் கருப்பாகக் கிடந்தது. வெள்ளைத் தட்டில் ஊற்றிச் சன்னல் ஓரம் வைத்துப் பார்த்தேன். பெரும்பாலானவை செத்து மிதந்தன. ஒன்று மட்டும் காலை அசைத்தது.

ஒரு டிஷ்யூ பேப்பரை லேசாக நனைத்து, பவளத்தின் கழுத்திலிருந்து வால்வரை ஒரு தடவை இழுத்தேன். ஏழெட்டுப் புள்ளிகள் ஒட்டிக்கொண்டு வந்தன. கசகசா அளவுதான் இருக்கும், ஆனால் கருப்பு. ஒன்றை நகத்தால் நசுக்கினேன். பேப்பரில் கருஞ்சிவப்பாக ஒரு கோடு விழுந்தது. அது பவளத்தின் ரத்தம். இருபது வருடமாகச் செவிலியாக ரத்தத்தோடு வேலை செய்கிறவள் நான். அந்தச் சின்னக் கோட்டைப் பார்த்துக் கை நடுங்கிவிட்டது.

பவளம் ஒரு கார்ன் ஸ்நேக். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்த, விஷமில்லாத பாம்பு. நம் ஊர்ச் சாரைப்பாம்பின் குடும்பம்தான். சாதுவானது, பெட்டிக்குள் 15, 20 வருடம் வாழக்கூடியது. எங்களுடையது கருப்பு நிறமியே இல்லாத வகை. ஆரஞ்சும் வெள்ளையும் கலந்த உடம்பு, சிவப்புக் கண். மகன் பார்த்த உடனேயே பவளம் என்று பெயர் வைத்துவிட்டான். நாங்கள் இருப்பது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில். விஷப் பாம்புகளுக்குத்தான் இங்கே 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும், இதற்கு வேண்டாம். ஊரிலிருந்து படிக்கிறவர்கள் தயவுசெய்து இதைப் பார்த்து ஆசைப்பட்டு வயல்காட்டுப் பாம்பைப் பிடித்து வளர்க்க வேண்டாம். 1972-ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டப்படி அது குற்றம், அந்தப் பாம்புக்கும் கொடுமை.

சரி, செள்ளுக்கு வருகிறேன். இதைப் பேன் என்றும் சொல்கிறார்கள், உண்ணி என்றும் சொல்கிறார்கள். இரண்டும் இல்லை. உண்ணி பெரிது, ஒரே இடத்தில் கடித்துத் தொங்கும். பேன் பூச்சி இனம், ஆறு கால். இது எட்டுக்கால் சிற்றுண்ணி. அறிவியல் பெயர் ஓஃபியோனைசஸ் நாட்ரிசிஸ். வளர்ப்புப் பாம்பு இருக்கிற நாடுகளில் எல்லாம் இதுவும் இருக்கிறது. வளர்ந்த பெண் செள்ளு ஒரு மில்லிமீட்டர் நீளம்தான் இருக்கும். ரத்தம் குடித்துவிட்டால் உடம்பு ஊதி, அசைவு மந்தமாகி, கருப்பு மணி போல ஆகிவிடும்.

இதன் வாழ்க்கையில் ஐந்து கட்டம். முட்டை, அதிலிருந்து ஆறு கால் குஞ்சு, பிறகு முதல் பருவம், இரண்டாம் பருவம், கடைசியில் முழு வளர்ச்சி. இதில் முதல் பருவமும் வளர்ந்ததும்தான் ரத்தம் குடிக்கும். மற்றவை பாம்பின் மேல் ஏறவே தேவையில்லை. நல்ல வெப்பமும் ஈரமும் இருந்தால் முட்டையிலிருந்து வளர்ச்சி முடிய இரண்டு வாரம், மிஞ்சிப் போனால் மூன்று வாரம். ஒரு பெண் செள்ளு தன் ஆயுளில் அறுபது, எண்பது முட்டை இடும். ஆண் இல்லாவிட்டாலும் இடும், அந்த முட்டைகளிலிருந்து ஆண்கள் வரும். அதாவது ஒரே ஒரு பெண் தப்பினாலும் எல்லாம் முதலிலிருந்து தொடங்கிவிடும். அந்த முதல் பருவத்துச் செள்ளு ஒரு சொட்டு ரத்தம் இல்லாமல் ஒரு மாதம்வரை ஓர் இடுக்கில் காத்துக் கிடக்கும். இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கமே வரவில்லை.

எங்கிருந்து வந்தது என்று யோசிக்க நேரமே ஆகவில்லை. செப்டம்பர் கடைசியில் ராஜா வந்தான். ராயல் பைத்தான், மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த சின்ன மலைப்பாம்பு. வேறு ஊருக்கு வீடு மாறிப் போன ஒருவர் வைத்துக்கொள்ள முடியாமல் கொடுத்தார். கரும்பழுப்பு உடம்பு. அந்த நிறத்தில் நூறு செள்ளு ஊர்ந்தாலும் தெரியாது. வந்ததிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை. புது இடம், பழகட்டும் என்று விட்டுவிட்டோம். முதுகில் வெள்ளையாகப் பொடி ஒட்டியிருந்ததையும் பழைய தோலின் மிச்சம் என்று நினைத்தோம். செள்ளின் எச்சம் அப்படித்தான் இருக்கும் என்பது பிறகுதான் தெரிந்தது. பவளத்தின் ஆரஞ்சு உடம்பு இல்லாவிட்டால் இன்னும் இரண்டு மாதம் எங்களுக்குத் தெரிந்திருக்காது.

வார்டில் ஒரு நோயாளிக்குத் தொற்று இருக்குமோ என்ற சந்தேகம் வந்தாலே தனி அறை, தனிக் கையுறை, தனிப் பாத்திரம். நானே புதிதாக வருகிற செவிலியர்களுக்கு அதைச் சொல்லிக் கொடுக்கிறேன். வீட்டில் புதுப் பாம்பை அதே அறையில், பவளத்தின் பெட்டியிலிருந்து நான்கடி தூரத்தில் வைத்தேன். இரண்டுக்கும் ஒரே இடுக்கியால் இரை கொடுத்தேன். ராஜாவைத் தூக்கிவிட்டு அதே கையோடு பவளத்தைத் தூக்கினேன். செள்ளுக்கு நான்கடி ஒரு தூரமே இல்லை. அது சுவரில் ஏறும், தரையில் நடக்கும், சட்டைக் கையில் ஒட்டிக்கொண்டும் வரும்.

மகன் கேட்டான், "நம்ம வீடு அழுக்காம்மா?" பள்ளிக்கூடத்தில் தலையில் பேன் இருக்கிற பிள்ளையை மற்ற பிள்ளைகள் எப்படிப் பார்க்கும் என்று அவனுக்குத் தெரியும். இல்லடா, சுத்தமான வீட்டுக்கும் வரும் என்றேன். சொன்னேனே தவிர, எனக்கும் வெட்கமாகத்தான் இருந்தது. பாம்பு வளர்க்கிற இரண்டு தோழிகளிடம் சொல்லவே இல்லை. அவர்களில் ஒருத்தி அதற்கு முந்தின வாரம்தான் வீட்டுக்கு வந்து ராஜாவைத் தூக்கிக் கொஞ்சிவிட்டுப் போனாள். இரண்டு நாள் கழித்து மனசு கேட்காமல் அவளை அழைத்துச் சொன்னேன். அவள் கோபப்படவில்லை. உடனே போய்த் தன் பாம்பைத் துடைத்துப் பார்த்தாள், அதில் ஒன்றும் இல்லை. வெட்கப்பட்டுச் சொல்லாமல் விட்டிருந்தால், அந்த வீட்டுக்கும் இந்தப் பாடு போயிருந்தாலும் தெரிந்திருக்காது.

அன்று இரவு அம்மாவுக்கு வீடியோவில் பேசும்போது தட்டைக் காட்டினேன். அம்மாவுக்குப் பாம்பு என்றாலே ஆகாது. பவளத்தைக் காட்டினால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். ஆனால் தட்டைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது கோழிச்செள்ளாட்டமல்ல இருக்குது" என்றது. கோபிச்செட்டிபாளையம் பக்கம் எங்கள் ஊர். அடைக்கோழி படுத்த கூடையில் செள்ளு பிடித்தால் கையை விட்டவுடன் முழங்கைவரை ஏறும், அந்த ஊரல் எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. அம்மா சொன்னது சரிதான். கோழிகளைக் கடிக்கும் சிற்றுண்ணிகளில் ஓர் இனமும் பாம்புச் செள்ளும் ஒரே குடும்பம்.

"கோழிய எத்தன தடவ கழுவுனாலும் போகாது கண்ணு. கோழிய உட்டுப்போட்டுக் கொடாப்பப் பாரு" என்றது அம்மா. கொடாப்பு என்கிற அந்தக் கோழிக்கூடையை வெளியே எடுத்துப் போட்டு, வைக்கோலைக் கொளுத்தி, கூடையின் பின்னல் இடுக்கெல்லாம் தீயில் காட்டி, அடுப்புச் சாம்பலைத் தூவி வெயிலில் கவிழ்த்து வைப்பது நினைவுக்கு வந்தது. கோழியின் மேல் அம்மா பெரிதாக ஒன்றும் செய்யாது.

மறுநாள் விடுப்பு எடுத்துக்கொண்டேன். இரண்டு பாம்பையும் மூடிபோட்ட பிளாஸ்டிக் டப்பாக்களுக்கு மாற்றினோம். உள்ளே கிச்சன் பேப்பர், ஒரு தண்ணீர்க் கிண்ணம், ஒளிந்துகொள்ள அட்டைப்பெட்டி ஒன்று. அட்டையை மூன்று நாளுக்கு ஒருமுறை தூக்கிப் போட்டுவிடலாம். வெள்ளைப் பேப்பரில் ஒரு கருப்புப் புள்ளி ஊர்ந்தாலும் தெரிந்துவிடும். ராஜாவை மாடியில் வேறு அறைக்குக் கொண்டு போனோம். பெட்டிகளில் பரப்பியிருந்த மரச்சீவலை இரட்டைப் பையில் கட்டி வெளியே வைத்தோம். மகன் தோட்டத்திலிருந்து எடுத்து வந்து நான்கு வருடமாக வைத்திருந்த மரக்கிளையையும் போட வேண்டியிருந்தது. அவன் அதைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றான், அப்புறம் அவனே பைக்குள் போட்டான்.

பெரிய பெட்டி மரத்தால் ஆனது, முன்னால் நகர்த்தும் கண்ணாடிக் கதவு. கண்ணாடி ஓடுகிற பிளாஸ்டிக் தண்டவாளத்தை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி எடுத்தேன். அடிப்பக்கம் முழுக்க இளமஞ்சளாக, ரவையைவிடப் பொடியாக முட்டைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நடுநடுவே ரத்தம் குடித்து ஊதிய நான்கைந்து பெரிய செள்ளுகள் அசையாமல் படுத்திருந்தன. பெட்டியின் கூரையில், பின்பலகையும் மேல்பலகையும் சேருகிற மூலையில் இன்னொரு கூட்டம். வயிறு நிறைந்த செள்ளு மேல்நோக்கி ஏறும், இருட்டும் ஈரமும் உள்ள இடுக்கைத் தேடும், உடம்பின் எல்லாப் பக்கமும் ஏதாவது உரசுகிற மாதிரியான சந்தில்தான் முட்டையிடும். நான் கிண்ணத்தையும் பாம்பையும் பார்த்துக்கொண்டிருந்த நாட்களில் இவை இங்கே தலைக்கு மேலே இருந்திருக்கின்றன.

நல்லவேளையாக, சூட்டை இவற்றால் தாங்க முடியாது. 50 டிகிரி செல்சியஸ் பட்டால் நொடிகளில் சாகும். ஆவியில் சுத்தம் செய்யும் இயந்திரம் ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஒவ்வொரு இணைப்பிலும் மெதுவாக, அவசரப்படாமல் ஆவி பாய்ச்சினேன். அந்த ஒரு பெட்டிக்கே இரண்டரை மணி நேரம் ஆனது. காய்ந்தபிறகு இடுக்குகளில் சிலிகான் பூசி அடைத்தேன். தண்டவாளத்தையும் கிண்ணங்களையும் கொதிநீரில் போட்டேன். கார்க் பட்டைகள் ஃபிரீசருக்குப் போயின. தரைவிரிப்பு, சுவரோரம், மின்சாரக் கம்பி ஓடும் ஓட்டை எல்லாம் வேக்குவம் செய்து, அந்தப் பையையும் அன்றே வெளியே போட்டேன். அதைத் தினமும் செய்தேன்.

பாம்பைக் குளிப்பாட்டுவதைப் பற்றியும் சொல்ல வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீர், 28 டிகிரி போல, பாம்பின் பாதி உடம்பு உயரத்துக்கு மட்டும். அதற்கு மேல் ஊற்றினால் அது நீந்தி நீந்திக் களைத்துவிடும். இருபது நிமிடம். பக்கத்திலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். உடம்பில் இருக்கிற செள்ளுகளில் பல மூழ்கிச் சாகும். மற்றவை தண்ணீருக்கு மேலே இருக்கிற ஒரே இடமான தலைக்கு ஏறும். பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். பாம்புக்கு இமை கிடையாது, கண்ணின் மேல் கண்ணாடிபோல ஒரு செதில்தான். அந்தச் செதிலும் சுற்றியிருக்கிற செதில்களும் சேருகிற மெல்லிய பள்ளத்தில், மை தீட்டியதுபோல வரிசையாகச் செள்ளு. ஒன்று உள்ளே முட்டிக்கொண்டு போக, ஓரச் செதில் சற்றே தூக்கிக்கொண்டு நின்றது. பவளம் தலையை என் விரலில் தேய்த்தது. எத்தனை நாளாக இப்படி இருந்தாயோ என்று வாய்விட்டே கேட்டுவிட்டேன்.

கண்ணோரத்தை நானே நோண்டாமல் மருத்துவரிடம் போனோம். ஊர்வன பார்க்கிற கால்நடை மருத்துவர் எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை, நாற்பது நிமிடம் காரில் போக வேண்டியிருந்தது. அவர் எண்ணெய் தொட்ட பஞ்சுக்குச்சியால் கண்ணோரத்திலும் தாடைக்கு அடியில் உள்ள நடுப்பள்ளத்திலும் மெதுவாக உருட்டி எடுத்தார். ராஜாவின் வாயைத் திறந்து காட்டினார். இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சுண்ணாம்புபோல வெளுத்திருந்தது. ரத்தசோகை. ஒரு மில்லிமீட்டர் செள்ளுகள் குடித்தே ஒரு மலைப்பாம்பை அந்த நிலைக்குக் கொண்டு வந்திருந்தன.

பயப்பட வேண்டியது அது மட்டும் இல்லை. ரத்தத்தை நச்சாக்கும் ஏரோமோனாஸ் பாக்டீரியாவை இந்தச் செள்ளு ஒரு பாம்பிலிருந்து இன்னொன்றுக்குக் கடத்தும் என்று 1948-லேயே ஆய்வுக் கட்டுரை வந்திருக்கிறது. போவா, மலைப்பாம்பு வகைகளைக் கொல்லும் இன்க்ளூஷன் பாடி நோய்க்கும் அரீனா வைரஸ்களுக்கும் தொடர்பு இருப்பது 2012-ல் வெளியானது. அதைப் பரப்புவதிலும் செள்ளுக்குப் பங்கு இருக்கலாம் என்ற சந்தேகம் இருக்கிறது.

மருந்துக்கு வருவோம். நாய், பூனைக்குப் பயன்படுத்தும் ஃபிப்ரோனில் மருந்தைத் துணியில் நனைத்து உடம்பில் துடைக்கச் சொல்லி, எவ்வளவு, எத்தனை நாளுக்கு ஒருமுறை என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்த அளவை நான் இங்கே எழுதமாட்டேன். அது பாம்புக்கென்று உரிமம் பெற்ற மருந்து இல்லை. பாம்பின் எடை, வயது, உடல்நிலை பார்த்து மருத்துவர்தான் சொல்ல வேண்டும். பெட்டிக்குள் அடிக்கும் ஸ்பிரேக்களுக்கும் ஒரு முறை இருக்கிறது: பாம்பும் தண்ணீர்க் கிண்ணமும் வெளியே இருக்க வேண்டும், நன்றாகக் காய்ந்து வாடை முழுக்கப் போனபிறகுதான் பாம்பை உள்ளே விட வேண்டும். வீட்டில் பூனை இருந்தால் பெர்மெத்ரின் என்ற பூச்சிமருந்து கலந்த எதையும் எடுக்கும் முன் இரண்டு தடவை யோசியுங்கள், அது பூனைக்கு நஞ்சு. ஐவர்மெக்டின் என்ற ஒட்டுண்ணி மருந்து ஆமைகளைக் கொன்றுவிடும். அந்துருண்டை போடு, கற்பூரம் போடு என்று நமக்குத் தெரிந்தவர்கள் பாசத்தோடு சொன்னார்கள். வேண்டவே வேண்டாம். மூடிய பெட்டிக்குள் அந்த ஆவியைத்தான் பாம்பு இரவும் பகலும் மூச்சில் இழுக்கும். வெறுப்பில் மருந்தைக் கூட்டிப் போட்டுப் பாம்பையே இழந்தவர்கள் உண்டு.

பத்து நாளில் ஒரு செள்ளுகூட இல்லை. மகன் குதித்தான். அம்மா அனுப்பிய தினக்காலண்டர் சமையலறையில் தொங்குகிறது. பன்னிரண்டாம் நாள் தாளைக் கிழித்துவிட்டு மாடிக்குப் போனேன். ராஜாவின் வெள்ளைப் பேப்பரில், தூசியைவிடச் சின்னதாக, வெளிர்நிறத்தில் மூன்று புள்ளிகள் வேகமாக ஓடின. முட்டையிலிருந்து வந்த புதுக் கூட்டம். மருந்து முட்டையைத் தொடுவதில்லை. நிறையப் பேர் கைவிடுவது இந்தக் கட்டத்தில்தான், அல்லது ஜெயித்துவிட்டோம் என்று நிறுத்தியிருப்பார்கள். நான் நிறுத்தாமல் இருந்ததற்கு ஒரே காரணம் காலண்டரில் ஆறு வாரத்துக்கு முன்கூட்டியே நாள் குறித்து வைத்ததுதான். துடைக்கிற நாள், பேப்பர் மாற்றுகிற நாள், எடை பார்க்கிற நாள். கண்ணுக்குத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் அந்த வேலை அன்று நடக்கும். காத்திருந்து வரும் முதல் பருவத்துச் செள்ளுகளின் ஒரு மாதத்தையும் தாண்டியாக வேண்டுமே.

நடுவில் ஒருநாள் தோழி அலறிக்கொண்டு அழைத்தாள், தன் தொட்டியிலும் வந்துவிட்டது என்று. படம் அனுப்பச் சொன்னேன். ஈரமான மண்ணில் வெள்ளை வெள்ளையாக, மெதுவாக ஊர்ந்துகொண்டிருந்தன. பாம்பின் மேல் ஒன்றுகூட இல்லை. அவை மண்ணிலும் அழுகிய மரத்திலும் வாழ்கிற வேறு சிற்றுண்ணிகள், ரத்தம் குடிக்காது. ஈரத்தைக் குறைத்து, எச்சத்தை உடனுக்குடன் எடுத்தாலே குறைந்துவிடும். மருந்து பாட்டிலை எடுக்கும் முன் டிஷ்யூவால் பாம்பைத் துடைத்துப் பார்ப்பது நல்லது.

டிசம்பர் 3-ஆம் தேதிதான் கடைசிச் செள்ளைப் பார்த்தேன். ராஜாவின் தண்ணீரில், செத்து மிதந்தது. மருந்து எல்லாம் நிறுத்திச் சில வாரம் ஆனபிறகு, தோட்டக்காரர்கள் தொட்டிச் செடிப் பூச்சிக்கு வாங்குகிற வேட்டைச் சிற்றுண்ணியை, ஸ்ட்ராட்டியோலேலாப்ஸ் என்று பெயர், பெட்டியைச் சுற்றித் தூவினேன். அவை செள்ளையும் குஞ்சையும் தின்னும், பாம்பைத் தொடாது. மருந்து மிச்சம் இருந்தால் முதலில் சாவது இவைதான் என்பதால் இதையும் அதையும் ஒன்றாகச் செய்யக்கூடாது.

ஜனவரி கடைசியில் பவளம் தோல் உரித்தது. மூக்கிலிருந்து வால் நுனிவரை ஒரே துண்டு. மகன் அதைச் சன்னல் வெளிச்சத்தில் விரித்துப் பிடித்து, தலைப்பகுதியில் கண்ணை மூடியிருந்த இரண்டு செதிலும் இருக்கிறதா என்று முதலில் பார்த்தான். இருந்தன. பிறகு பூதக்கண்ணாடியை எடுத்துக்கொண்டு கழுத்து, வயிறு, வால் என்று அங்குலம் அங்குலமாகத் தேடினான். முடிக்க முக்கால் மணி நேரம் ஆனது. "ஒண்ணும் இல்லம்மா" என்றான்.

ராஜா போன வாரம் இரண்டு எலி தின்றான், ஈறில் நிறம் ஏறியிருக்கிறது. கடைசிச் செள்ளைப் பார்த்த நாளிலிருந்து 90 நாள் தனிமை என்று வைத்திருக்கிறேன். அதில் இன்னும் 19 நாள் இருக்கிறது. அதுவரை அவனுக்குத் தனி இடுக்கி, தனி அறை, கடைசியாகத்தான் அவனைத் தொடுவது, தொட்டபிறகு சட்டை மாற்றுவது. தண்டவாளம் இல்லாத புதுக் கதவு ஒன்று அந்தப் பெட்டிக்குப் பொருத்த முடியுமா என்று தச்சரிடம் கேட்டிருக்கிறேன். அம்மா ஞாயிற்றுக்கிழமை பேசும்போது, "கொடாப்பு காஞ்சுதா?" என்று கேட்டது. காய்ந்துவிட்டது என்றேன்.